ஆமாங்க என்று சொல்லித் தோற்ற பரீட்சை

‘அஸ்யூம்’ என்ற ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்காக என் பட்டறையில் ஒரு காலைப்பொழுது முழுவதும் வீணாகப் போயிருக்கிறது. ரிப்பேருக்கு வந்த மோட்டார்கள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. தோட்டத்துக்காரர்கள் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே என் மச்சினனும், மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவரும், நான் சம்பளம் கொடுத்து வைத்த இங்கிலீஷ் வாத்தியாரும் இல்லாத ஒரு கிணற்றைப் பற்றி வழக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிணறு பின்னால் வரும். முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு ஓட்டிப் பிழைத்த வீட்டில் பிறந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு படிப்புப் போதும் என்று நானே முடிவு செய்தேன். பள்ளிக்கூடத்திலும் யாரும் வந்து கூப்பிடவில்லை. கோயமுத்தூருக்கு வந்து பருத்தி அரைக்கும் பாக்டரியில் எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு எஞ்சினைச் சுற்றி வந்தேன். எஞ்சின் எப்போது இருமும், எப்போது மூச்சு முட்டும் என்று காதாலேயே படித்தேன். மலையிலிருந்து கரண்டுக் கம்பி இறங்கி வந்தபோது இந்த ஊரில் பாதிப் பேர் அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் வேலையை விட்டுவிட்டு, ஓட்டுக் கொட்டகை ஒன்றைப் பிடித்து, மோட்டார் பட்டறை போட்டேன். மாடு கட்டிக் கவலையால் கிணற்றுத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த தோட்டங்களில் சுவிட்சைப் போட்டுத் தண்ணீரைக் கொட்டவைத்துக் காட்டியவர்களில் நானும் ஒருவன். ஒருவன் என்று அடக்கமாகச் சொல்கிறேன். வெள்ளைக்கார எஞ்சினியர்களிடம் நான் பேசிய இங்கிலீஷ் ஒரு கைக்குள் அடங்கும். ‘எஸ் சார், பேரிங் போச்சு சார், டுமாரோ ரெடி சார்.’ அதில் புரியவில்லை என்று ஒரு துரையும் என்னைத் திருப்பிக் கேட்டதில்லை.

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே சர்க்கார் ஒரு கட்டையைப் போட்டது. கரண்டு இணைப்புக் கொடுக்கும் ஒவ்வொரு கடையிலும் பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கிய ஆள் ஒருவர் இருக்கவேண்டும், அவர் கையெழுத்துப் போட்டால்தான் இணைப்பு என்று உத்தரவு. அடுத்த சித்திரை வரைக்கும் தவணை. அதற்குள் ஆள் இல்லையென்றால் லைசென்சு போய்விடும். லைசென்சு போனால் என் பட்டறை பழைய இரும்புக் கடை. பரீட்சையோ இங்கிலீஷில். நானே எழுதிவிடுகிறேன் என்று போய் நின்றேன். நான்காம் பாரமாவது படித்திருக்க வேண்டும் என்று குமாஸ்தா சொன்னான். அவன் வீட்டு விசிறியை ஓடவைத்தவன் நான்.

என் பட்டறையில் நான்காம் பாரம் தாண்டிய ஒரே ஆள் என் சம்சாரத்தின் தம்பி. வயசு இருபத்தைந்து இருக்கும். வேலையில் சுத்தம். மோட்டாரைத் திறந்தால் எந்தத் திருகாணி எங்கே இருந்தது என்று தேடவேண்டிய வேலையே இருக்காது. ஒரே குறை, மரியாதை. மரியாதை இருக்கவேண்டியதுதான், எங்கள் பக்கத்தில் அது எல்லாருக்கும் உண்டு. இவனுக்கு அது அளவுக்கு மீறிப்போய்விட்டது. பெரியவர் யாராவது பகலை இரவென்று சொன்னால் இவன் போய் விளக்கை ஏற்றுவான்.

வாத்தியாரைக் கோட்டைமேட்டிலிருந்து பிடித்து வந்தேன். பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவர். ராவுத்தர். ஒல்லியான உடம்பு, சிவப்புத் துருக்கிக் குல்லாய், பித்தான் போட்ட நீளக் கோட்டு. என் கொட்டகையில் கிரீசு படாத இடம் கிடையாது. அவர் கோட்டில் மட்டும் கடைசி வரைக்கும் ஒரு சொட்டு படவில்லை. அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

முதல் நாளே நான் சொல்லிவிட்டேன். “பையனுக்குச் சாமான் பேரெல்லாம் இங்கிலீசுல தண்ணியாட்டம் தெரியுமுங்க. ஆர்மேச்சர், ஸ்டார்ட்டர், பியூசு, எது கேட்டாலும் சொல்லுவான். நீங்க மேலாப்புல கொஞ்சம் தேச்சு உட்டாப் போதுங்க.”

வாத்தியார் பழைய கேள்வித்தாள் ஒன்றை மச்சினன் கையில் கொடுத்தார். முதல் கேள்வியைப் படிக்கச் சொன்னார். மச்சினன் படித்தான். பியூசு, மெயின் சுவிட்சு இரண்டையும் ‘டிஸ்டிங்விஷ்’ செய் என்று இருந்தது. பியூசு தெரிந்தது. சுவிட்சு தெரிந்தது. நடுவில் நின்ற அந்த வார்த்தை தெரியவில்லை. ஆனாலும் அவன் வாத்தியாரைப் பார்த்துச் சிரித்தான்.

“புரிஞ்சுதா தம்பி?”

“புரிஞ்சுதுங்க சார்.”

“என்ன புரிஞ்சுது?”

மச்சினன் இன்னொரு தரம் சிரித்தான்.

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். “கவுண்டரே, தம்பிக்குச் சாமான் பேரு தெரியுது. அந்தச் சாமான வெச்சு என்ன பண்ணச் சொல்றான்னு தெரியல. கேள்வித்தாள்ல அந்த மாதிரி வார்த்தைங்க கொஞ்சந்தான் இருக்குது. டிபைன், கம்பேர், எக்ஸ்பிளெய்ன், ஸ்டேட், அஸ்யூம். பட்டறையில இதெல்லாம் யாரும் பேசமாட்டாங்க. பொஸ்தகத்துலயும் பரீட்சையிலயுந்தான் இருக்கும். இதுகளத் தெரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தம்பிக்கே தெரியும்.”

கொஞ்சம் வார்த்தைதானே, ஒரு வாரத்தில் தீர்த்துவிடுவார் என்று நான் நினைத்தேன். அந்த மனுஷர் ஒரு வார்த்தையை எடுத்தால் அதைக் கீழே வைக்கவே மாட்டார். பட்டறை திறப்பதற்கு முன்னால் விடிகாலையில் பாடம். கறுப்பு மை பூசின தகரத் தகடுதான் பலகை. மச்சினன் மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பான். காயில்காரர் தன் வேலையைப் பார்க்கிற மாதிரி பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்வார். அவருக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது. வாய் மட்டும் ஊருக்கே கேட்கும்.

‘டிபைன்’ என்ற வார்த்தைக்கு வாத்தியார் வரப்பைச் சொன்னார். “உங்க காட்டுக்கு வரப்புப் போடறீங்களே, அதுதான். இதுக்குள்ள இருக்கறதெல்லாம் இது, அக்கட்டால போறதெல்லாம் இது இல்லை. பியூசுன்னா எது, எது இல்லை, ரெண்டே வரியில வரப்புக் கட்டு தம்பி.” மச்சினன் ஒரு பக்கம் எழுதினான். வாத்தியார் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது வரப்பு இல்லை தம்பி, ஊரையே வளைச்சுபோட்டே” என்றார். மறுபடி எழுது. மறுபடி எழுது. சாயந்தரம் கொடுக்கவேண்டிய மோட்டார் அங்கே திறந்து கிடக்க, என் ஆள் வரப்புக் கட்டிக்கொண்டிருந்தான்.

‘கம்பேர்’ என்பதற்கும் ‘டிஸ்டிங்விஷ்’ என்பதற்கும் வித்தியாசம் சொல்லவந்தபோது வாத்தியாரே சிக்கிக்கொண்டார். அப்போது நான்தான் குறுக்கே புகுந்து தீர்த்துவைத்தேன். “சந்தையில ரெண்டு மாட்டப் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி, இது எப்படி, அது எப்படி, எதுக்கு எது ஒத்துப்போகுது, எது ஒசத்தின்னு பாக்கறமே, அது ஒண்ணு. மந்தையில எந்த மாடு நம்முதுன்னு அடையாளம் பாத்துப் பிரிச்சு ஓட்டறமே, அது ஒண்ணு. அவ்வளவுதானுங்களே?” “பொஸ்தகத்துல இத்தனை சுளுவா இல்லீங்க” என்றார் வாத்தியார். நான் அன்றைக்கு முழுவதும் காயில்காரரிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் அந்த அஸ்யூம் வந்தது. கேள்வித்தாளில் ஒரு கணக்கு. கிணறு ஒன்று அறுபது அடி ஆழம் என்று அஸ்யூம் செய்துகொண்டு, அதற்கு எத்தனை குதிரைசக்தி மோட்டார் வேண்டும் என்று போட்டுக்காட்ட வேண்டும்.

“அஸ்யூம்னா, அப்படின்னு வெச்சுக்கறது” என்றார் வாத்தியார்.

மச்சினன் தலையாட்டினான். காயில்காரர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

“யாரு கெணறுங்க?”

“யாரு கெணறும் இல்லீங்க. சும்மா வெச்சுக்கறது.”

“இல்லாத கெணத்துக்கு எதுக்குங்க மோட்டாரு?”

“கணக்குக்காகங்க.”

“கவுத்துல கல்லக் கட்டி உட்டா ஆழம் தெரிஞ்சுபோகுது. இதுக்குப் போயி எதுக்குங்க கணக்கு?”

“அளக்கக் கூடாதுங்க. அறுபதுன்னு நாமளே வெச்சுக்கணும்.”

“நாம அறுபதுன்னு வெச்சுபோட்டு, அங்க போனாத் தொண்ணூறு இருந்துதுன்னா? தோட்டத்துக்காரரு நம்மள உள்ளார எறக்கி உட்டுருவாருங்க.”

இந்த மனுஷர்தான் இப்படி என்றால், மச்சினனும் மெதுவாக வாயைத் திறந்தான். “சார், அறுபதுங்கறது கோடையிலயா, இல்லீன்னா மழைக்கு அப்பறமாங்க?”

வாத்தியார் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். வாசலில் நின்ற தோட்டத்துக்காரர்களில் ஒருவர், தன் பக்கத்தில் அறுபதடியில் தண்ணீர் வருகிற கிணறே கிடையாது, கேள்வி எழுதினவருக்கு விவரம் பத்தாது என்றார். எனக்குத் தலை சுற்றியது. “அந்தக் கெணறு என்னுதுன்னு வெச்சுக்குங்கய்யா. அறுபது அடி. எனக்குத் தெரியும். கணக்கப் போடுங்க” என்று கத்தினேன்.

காயில்காரர் எழுந்து நின்று துண்டை உதறினார். “மொதலாளி எப்பங்க கெணறு வெட்டுனீங்க? எங்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்லவே இல்லை.”

அன்றைக்குப் பூராவும் கணக்குப் போடவில்லை. போகும்போது வாத்தியார் என்னிடம், “உங்காளுங்க பொய் சொல்ல மாட்டேங்கறாங்க கவுண்டரே, அதுதான் கஷ்டம்” என்றார். பாராட்டா, குறையா என்று எனக்குப் பிடிபடவில்லை. குறை என்றே வைத்துக்கொண்டேன்.

எப்படியோ வார்த்தைகள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. ஐப்பசியில் எழுத்துப் பரீட்சை வந்தது, பாஸ். அந்தச் செய்தி வந்த நாளில் நான் வடவள்ளி வரைக்கும் போய்த் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். எழுத்தில் தேறியவர்களுக்கு வாய்ப் பரீட்சை ஒன்று உண்டு. பரீட்சை துரை எதிரில் உட்காரவைத்துக் கேட்பார். அது ஒன்றும் பெரிசில்லை, பேசத்தானே போகிறான் என்று நான் தைரியமாக இருந்தேன்.

வாய்ப் பரீட்சைக்கு நானும் கூடப் போனேன். தாழ்வாரத்தில் ஜன்னலுக்குப் பக்கமாக நின்றேன். உள்ளே நடப்பது காதில் விழுந்தது. துரை வெள்ளைக்காரர், நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, எனக்கே புரிகிற மாதிரிப் பேசினார். முதலில் பெயர், ஊர், வேலை. மச்சினன் நன்றாகச் சொன்னான். பிறகு துரை கேட்கிற விதத்தை மாற்றினார். கேள்வியாகக் கேட்காமல் தன் அபிப்பிராயம் மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு, கடைசியில் “டு யூ அக்ரீ?” என்றார்.

முதலாவது, தோட்டத்து மோட்டாருக்கு எர்த்துக் கம்பி தேவையில்லை, சுற்றிலும் மண்தானே இருக்கிறது என்றார். டு யூ அக்ரீ?

எனக்குச் சிரிப்பு வந்தது. எர்த்துக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி நிரப்புவதில் என் மச்சினன் மாதிரி ஆள் இந்த ஜில்லாவில் கிடையாது. பழக்கியவன் நான்.

“எஸ் சார்” என்றான் மச்சினன்.

நான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். துரை அடுத்ததைச் சொன்னார். ஈரக் கையால் சுவிட்சைத் தொடலாம், பழக்கமான ஆளுக்கு ஒன்றும் ஆகாது. டு யூ அக்ரீ?

“எஸ் சார்.”

வேலை அவசரமானால் மெயினை அணைக்காமலே பியூசு மாற்றலாம். டு யூ அக்ரீ?

“எஸ் சார்.” அதோடு நிற்கவில்லை, “வெரி குட் சார்” என்று வேறு சேர்த்தான்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். துரை பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். எழுத வெகு நேரம் ஆகவில்லை.

வெளியே வந்தவனை வேப்பமரத்துக்குக் கீழே நிறுத்தினேன்.

“மாப்ளே, எர்த்து வேண்டாமா?”

“வேணுமுங்க மச்சான்.”

“ஈரக் கையில சுவிட்சத் தொடலாமா?”

“தொட்டா ஆளு போயிருவானுங்க.”

“அக்ரீன்னா என்னன்னு தெரியுமா?”

“ஒத்துக்கறதுங்க. டிஸ்அக்ரீன்னா ஒத்துக்காம இருக்கறது. வாத்தியாரு சொல்லிக் குடுத்தாரு, எழுதிக்கூடப் பாத்தனுங்க.”

“அப்பறம் எதுக்குடா எஸ் எஸ்ன்னே?”

அவன் தரையைப் பார்த்தான். “அவரு பெரியவரு. அத்தனை தூரம் கப்பல்ல வந்து, நம்ம முன்னால உக்காந்து, மருவாதியாச் சொல்றாரு. மூஞ்சிக்கு நேரா நீங்க சொல்றது தப்புன்னு எப்படிங்க மச்சான் சொல்றது?”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எங்கள் ஊரில் அது அப்படித்தான். வீட்டுக்கு வந்தவர் காப்பி நன்றாக இருக்கிறது, சர்க்கரை மட்டும் பத்தாது என்றால், இரண்டு கரண்டி போட்டோமே என்று யாரும் சொல்லமாட்டார்கள். இன்னொரு கரண்டி போடுவார்கள். என் தோஷம், அந்தப் பழக்கத்தை சர்க்கார் பரீட்சையில் கொண்டுபோய் உட்காரவைத்தது.

இன்னும் ஒரே ஒரு தடவை உட்காரலாம் என்றார்கள், மாசியில். அதிலும் போனால் சித்திரைக்குக் கதவைச் சாத்த வேண்டியதுதான். நான் வீட்டுக்கு வந்து திட்டியது தெருவுக்கே கேட்டிருக்கும். என் சம்சாரம் ரசம் ஊற்றிக்கொண்டே, “ஏனுங்க, உங்களை எதுத்து ஒரு வார்த்தை அவன் பேசியிருந்தா நீங்க சும்மா உட்டிருப்பீங்களா? இத்தனை நாளா அவனுக்கு அந்தப் பழக்கம் எங்க வரும்?” என்றாள். அவள் தம்பிக்காகப் பேசினாள். நான் சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

மறுநாள் வாத்தியார் வந்து நடந்ததைக் கேட்டார். கேட்டுவிட்டுக் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் குல்லாயைக் கழற்றி நான் அப்போதுதான் பார்த்தேன்.

“இது என் தப்பு. வார்த்தையக் குடுத்தேன். அத வாயில வரவைக்கல.”

அன்றிலிருந்து மறுக்கிற பாடம். ‘டிஸ்அக்ரீ’, ‘இன்கரெக்ட்’, ‘அப்ஜெக்ட்’. நான் துரை மாதிரி எதிரில் உட்காரவேண்டும். தப்பாக ஒன்றைச் சொல்லவேண்டும். மச்சினன் நேராகப் பார்த்து, “ஐ டூ நாட் அக்ரீ, சார்” என்று சொல்லி, பிகாஸ் போட்டுக் காரணம் சொல்லவேண்டும். தப்பாகச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் பட்டறைக்காகச் செய்தேன். “மோட்டார் சூடானா தண்ணிய ஊத்திக் குளுர வைக்கலாம். டு யூ அக்ரீ?”

மச்சினன் வாயைத் திறப்பான். உதடு ‘ஐ டூ’ என்று ஆரம்பிக்கும். கண் என் முகத்துக்கு வரும். “எஸ் சார்.”

“அவன் உங்க மூஞ்சியப் பாக்கறானுங்க மொதலாளி” என்றார் காயில்காரர். “மூஞ்சிய வேணா ஒரு சாக்கப் போட்டு மூடிக்குங்க. எங்களுக்கும் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்.”

சாக்கைப் போடவில்லை. ஆனால் திரும்பி உட்கார்ந்து பார்த்தேன். முதுகுக்கும் அவன் எஸ் சார் என்றான். காயில்காரரைத் துரையாக உட்காரவைத்தோம். அவர் சொன்ன பொய்யெல்லாம் ரொம்பவும் நன்றாக இருந்தது, எல்லாரும் சிரித்துவிட்டார்கள், பாடம் போயிற்று. வாத்தியார் கோபப்பட்டுப் பார்த்தார். கோபப்பட்ட வாத்தியாருக்கு மச்சினன் இன்னும் பணிவாக எஸ் சார் சொன்னான். மார்கழி இப்படியே போயிற்று. கடைசியில் கடையை யாருக்காவது கைமாற்றிவிடலாமா என்று நானே யோசித்தேன். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

தை பிறந்ததும் ஒரு நாள். பாடம் நடுவில் நிற்கிறது. ஆனைமலைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். பெரிய புள்ளி, என் தகப்பனார் அவர் வீட்டு மாட்டைச் சந்தைக்கு ஓட்டியிருக்கிறார். மோட்டாருக்கு சுவிட்சுப் பலகை வைக்கத் தனியாகக் கொட்டகை கட்டவேண்டாம், மாட்டுச் சாளையில் கூரை இருக்கிறது, அங்கேயே அடித்துவிடு என்றார். ஈரமும் சாணியுமாகக் கிடக்கிற இடத்தில் கரண்டுப் பலகை. அவரிடம் முடியாது என்று சொல்லமுடியுமா?

“நீங்க சொல்றது செரிதானுங்க” என்றேன். “கூரை இருக்குது. பக்கமா வேற இருக்குது. எதுக்கு எச்சாச் செலவு பண்ணோணும்? ஆனாப் பாருங்க, உங்க மாடு ஒவ்வொண்ணும் என்ன வெலைங்கறது எனக்குத் தெரியும். சாளையில தண்ணி தெளிப்பீங்க. எந்த மாடாவது முதுகு அரிக்குதுன்னு பலகையில போயி ஒரசுச்சுன்னா? உங்களுக்குத் தெரியாததா. அதனால, சாளைக்கு வெளிய, நாலு தகரத்தப் போட்டு வெச்சுட்டோம்னா, மாடும் பத்திரம், பலகையும் பத்திரமுங்க.”

“அதுவும் ஞாயந்தான்” என்றார் அவர். காப்பி சாப்பிட்டார். சந்தோஷமாகப் போனார்.

திரும்பினால் வாத்தியார் நின்றுகொண்டிருக்கிறார், சாக்குக்கட்டி கையில்.

“கவுண்டரே, இப்ப நீங்க என்ன பண்ணீங்க?”

“அவரு கேட்டத முடியாதுன்னு சொல்லிபோட்டேன்.”

“முடியாதுங்கற வார்த்தை உங்க வாயில வரவே இல்லையே. செரிதானுங்கன்னுதானே ஆரம்பிச்சீங்க?”

“அப்பிடித்தானுங்க ஆரம்பிக்கோணும். எடுத்த எடுப்புல இல்லைன்னா அப்பறம் மனுசன் பேசுவானுங்களா?”

வாத்தியார் தகரத் தகட்டுக்குப் போனார். ‘டிஸ்அக்ரீ’ என்று எழுதியிருந்ததைக் கோட்டின் கையாலேயே துடைத்தார். அந்தச் சுத்தமான கோட்டில் சாக்குத்தூள். அந்த இடத்தில் ‘தட் இஸ் ஸோ’ என்று எழுதினார். அதற்குக் கீழே ‘ஹவெவர்’. அதற்கும் கீழே ‘தேர்போர்’.

“செரிதானுங்க. ஆனாப் பாருங்க. அதனால. இது மூணுந்தான் தம்பி. படிச்ச வெள்ளைக்காரங்களும் பொஸ்தகத்துல இப்படித்தான் எழுதுவாங்க. எதிராளி சொன்னதுல எது உண்மையோ அத மொதல்ல ஒத்துக்குவாங்க. அப்பறம் ஹவெவர். நான் உங்களுக்குச் சண்டை போடறதுக்குச் சொல்லிக் குடுத்துபோட்டேன். உங்க பக்கத்துல யாரும் சண்டை போடறதில்லை.”

மச்சினன் பலகையைப் பார்த்தான். நான் கேட்டேன், ஒரு சிரமமும் இல்லாமல், துரை குரலில். “மோட்டார் சூடானா தண்ணிய ஊத்தலாம். டு யூ அக்ரீ?”

“தட் இஸ் ஸோ, சார்” என்றான். தண்ணீர் ஊற்றினால் குளிரத்தான் செய்யும் என்றான், அவனுக்கு வந்த இங்கிலீஷில். நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். “ஹவெவர், சார், தண்ணீர் காயிலுக்குள் போய்விடும். தேர்போர், மோட்டாரை நிறுத்தி ஆறவிட வேண்டும்.”

காயில்காரர் எழுந்து போய் மச்சினன் முதுகில் ஒரு அடி அடித்தார். “மொதலாளி கெணத்துல இப்பத்தான் தண்ணி வந்துது” என்றார்.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் வாத்தியார் என்று காயில்காரர் வெளியே சொல்லிக்கொண்டு திரிந்தார். வாத்தியார் நல்ல மனுஷர், குறை சொல்லமாட்டேன். ஆனால் முறை என்னுடையது. அவர் அதற்கு இங்கிலீஷ் பூசினார்.

மாசியில் அதே தாழ்வாரம், அதே ஜன்னல், அதே துரை. பியூசு அடிக்கடி போனால் தடிமனான செம்புக் கம்பியைப் போட்டுவிடலாம், மோட்டார் நிற்காமல் ஓடும் என்றார். டு யூ அக்ரீ?

“தட் இஸ் ஸோ, சார்.”

உள்ளே சத்தமே இல்லை. அவ்வளவுதான், மறந்துவிட்டான் என்று நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டேன். சித்திரைக்குக் கடைப் பெயர்ப்பலகையை எந்தப் பக்கம் கழற்றுவது என்றுகூட மனசு போய்விட்டது. பிறகு மச்சினனின் குரல், கொஞ்சம் தடுமாறி, “ஹவெவர், சார்” என்றது. மோட்டார் நிற்காது, ஆனால் கம்பி எரிவதற்குப் பதில் மோட்டார் எரியும் என்றான். தேர்போர் என்று போட்டு, எதனால் பியூசு போகிறது என்று முதலில் பார்க்கவேண்டும் என்றான்.

துரை அடுத்து எர்த்துக் குழியைப் பற்றிச் சொன்னார். இந்தத் தடவை சரியாகவே சொன்னார். கரியும் உப்பும் போட்டு ஈரமாக வைக்கவேண்டும் என்று. எனக்கு அடுத்த பயம் வந்தது. பழக்கதோஷத்தில் இதற்கும் ஒரு ஹவெவரைப் போட்டுத் தொலைத்தானென்றால்? காத்திருந்தேன். “எஸ் சார், ஐ அக்ரீ” என்று சொல்லிவிட்டுக் காரணத்தைச் சொன்னான். ஹவெவர் வரவில்லை.

பங்குனியில் சர்டிபிகேட் வந்தது. கண்ணாடி போட்டு, நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினேன். வாத்தியாருக்குப் புதுக் கோட்டுத்துணி எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, பழைய கோட்டையே போட்டுக்கொண்டு வந்தார். சித்திரை வந்தது, போனது. பட்டறை நின்றது. இன்றைக்கு ஆர்.எஸ்.புரத்தில் நீங்கள் பார்க்கிற கட்டிடத்துக்கு அடித்தளம் அந்தக் காகிதம்தான்.

ஆனால் உத்தரவு என்ன சொல்கிறது? ஒவ்வொரு இணைப்புக்கும் சர்டிபிகேட் ஆளின் கையெழுத்து வேண்டும். கடை என்னுடையது, லைசென்சு என் பெயரில், பலகையில் என் பெயர், கையெழுத்து அவனுடையது. இதை யோசிக்காமலே இருந்துவிட்டேன்.

அந்த வைகாசியிலேயே தெரிந்தது. ஆனைமலைக்காரருக்கு அவசரம். அவர் மோட்டாருக்குக் கரண்டு கொண்டுபோகிற தடிமனான கம்பி இன்னும் சென்னையிலிருந்து வரவில்லை. இருக்கிற மெல்லிசுக் கம்பியைப் போட்டு ஓட்டிவிடலாம், வந்ததும் மாற்றிக்கொள்ளலாம், நான் பார்க்காத கம்பியா என்று சொல்லிக் காகிதத்தை அவன் முன்னால் வைத்தேன்.

மச்சினன் காகிதத்தை முழுவதும் படித்தான். மரியாதை குறையவில்லை, எழுந்து நின்றுதான் பேசினான்.

“நீங்க சொல்றது செரிதானுங்க மச்சான்.”

காயில்காரர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் பேனாவை மூடினேன். என் பணத்தில், என் கொட்டகையில், என் முறையில் கற்றுக்கொடுத்த பாடம்.

“சொல்லு மாப்ளே” என்றேன். “மீதியையும் சொல்லு.”